செற்றில் எந்தக் காசுக்கு விலை?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். லண்டனில் இருந்த பெரியப்பாவின் சாமான்களோடு மூன்று நாணயச் செற்றுகள், அதாவது ஒரு ஆண்டின் காசுகளை ஒன்றாகப் பொதி செய்து விற்றவை, வீட்டுக்கு வந்திருக்கின்றன. இரண்டு பிரித்தானியாவின் 2008, 2009 ஆண்டுச் செற்றுகள், மற்றது 1971ஆம் ஆண்டு இலங்கைப் புரூஃப் செற், சேர்ப்பவர்களுக்கென்றே கண்ணாடி மாதிரி மினுங்க அடித்தது. இணையத்தில் பார்த்தால் 2009க்கு 2008ஐ விடப் பல மடங்கு விலை. 1971க்கு ஒருவர் போட்டிருப்பதற்கும் இன்னொருவர் போட்டிருப்பதற்கும் நாலு மடங்கு வித்தியாசம். வவுனியாவில் காட்டியபோது கடைக்காரர் மூன்றுக்கும் சேர்த்து இணைய விலையில் பாதிகூடச் சொல்லவில்லையாம். ‘விலை ஏன் இப்படி மாறுகிறது?’ என்று தம்பி கேட்டிருந்தாலும், அவருக்குத் தெரிய வேண்டியது இதில் யார் தன்னை ஏமாற்றுகிறார் என்பதுதான். அநேகமாக ஒருவரும் இல்லை. நானும் வவுனியாவில் இருந்துகொண்டு பல வருடமாக நாணயம் சேர்ப்பவன், வாங்கி விற்பவன். அதனால் கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் 2009. செற் என்றால் உள்ளே உள்ள எல்லாக் காசுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பு இருக்கும், கூட்டினால் விலை வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது குறைவு. பெரும்பாலும் ஒரு காசுதான் முழுச் செற்றையும் தூக்கி நிறுத்தும். மற்றவை கூட வந்தவை. 2009 செற்றில் அந்த ஒரு காசு லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தின் 250ஆம் ஆண்டு நிறைவுக்காக அடித்த 50 பென்ஸ். சீனக் கோபுரம் ஒன்றைக் கொடி சுற்றிப் படர்ந்த படம் அதில் இருக்கும். புழக்கத்துக்கு விட்டது வெறும் 2,10,000. பிரித்தானியாவில் 50 பென்ஸ் என்றால் இலட்சங்களில் அல்ல, பத்து இலட்சங்களில் அடிக்கிற காசு. அதனால் அந்த ஒன்றை மட்டும் தனியாக விற்றாலே நூறு பவுணைத் தாண்டும். 2008 செற்றில் அப்படி ஒரு காசு இல்லை. அந்த வருடம்தான் அரச கேடயத்தைத் துண்டு துண்டாக ஆறு காசில் போட்டு, சேர்த்து வைத்தால் முழுக் கேடயம் வருகிற புதிய வடிவத்தை வெளியிட்டார்கள். பழைய வடிவத்தில் ஒரு செற், புதிய வடிவத்தில் ஒரு செற் என்று இரண்டு வந்தன. பார்க்க அழகு, ஆனால் நிறைய இருக்கிறது. நிறைய இருப்பதற்கு விலை ஏறாது.

இதோடு சேர்ந்து, 2008 செற்றுக்குள் ஆண்டு போடாத காசு இருக்கலாம் என்று ஒரு கதை எங்கள் பக்கமும் உலாவுகிறது. 2008இல் ஆண்டு போடாத 20 பென்ஸ் ஒன்று தவறுதலாக வெளிவந்தது உண்மைதான். புதிய பின்பக்கத்துக்குப் பழைய முன்பக்க அச்சைப் பூட்டிவிட்டார்கள், இரண்டிலும் ஆண்டு இல்லாமல் போய்விட்டது. ஆனால் அது புழக்கத்தில் போன காசு. செற் பெட்டிக்குள் அதைத் தேடிப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். செற்றுக்குள்ளேயே பிழை வந்த காசுகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 1983இல் பிரித்தானிய 2 பென்ஸில் ‘ரூ பென்ஸ்’ (இரண்டு பென்ஸ்) என்று இருக்க வேண்டிய இடத்தில் பழையபடி ‘நியூ பென்ஸ்’ என்று அடித்த சில காசுகள் செற்றுகளுக்குள் போயின. அமெரிக்காவின் 1975 புரூஃப் செற்றுகள் 28 இலட்சத்துக்கு மேல். அவற்றில் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் ‘எஸ்’ குறி விடுபட்ட 10 சதக் காசு இதுவரை இரண்டே இரண்டுதான் வெளிப்பட்டிருக்கிறது. அதனால் எந்தச் செற்றையும் விற்க முன்னர் ஒவ்வொரு காசாகப் பார்க்கச் சொல்கிறேன். மூடி திறக்காமலே பார்க்கலாம், நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும்.

உங்கள் 2009 செற் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே வருடத்துக்கு, ஒரே படங்களோடு, பிரித்தானிய நாணயச்சாலையான றோயல் மின்ட் பல தரத்தில் செற் விற்கும். சாதாரண அட்டைப் பொதியில் வருவது புழங்காத தரம். வழக்கத்தை விடக் கொஞ்சம் கவனமாக அடித்தது, அவ்வளவுதான். புரூஃப் என்பது வேறு வேலை. அச்சையும் வெறும் தகட்டையும் மினுக்கி, ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். படமில்லாத வெற்றிடம் கண்ணாடி போல மின்னும், படம் பனி படர்ந்த மாதிரி வெண்மையாக நிற்கும். அதற்கு மேல் வெள்ளியில் அடித்த புரூஃப் வரும். இந்த மூன்றும் இணையத்தில் ‘2009 கியூ செற்’ என்ற ஒரே பெயரில்தான் கிடக்கும். நீங்கள் பார்த்த பெரிய விலை வெள்ளிச் செற்றின் விலையாகவும் இருக்கலாம். உள்ளே உள்ள சான்றிதழை எடுத்து வாசியுங்கள், உலோகம் என்ன என்று அதில் இருக்கும். சான்றிதழ் இல்லையென்றால் பொதியின் பின்பக்கத்தைப் பாருங்கள். இன்னொன்று: 2019இல் றோயல் மின்ட் அதே கியூ படத்தை ஒரு நினைவுச் செற்றுக்குள் போட்டு மறுபடியும் விற்றது. அதில் ஆண்டு 2019 என்றிருக்கும். பழையதின் விலை அதற்கு இல்லை. போலிக் கியூ காசும் சந்தையில் உண்டு. மூடிய பொதிக்குள் இருக்கும் உங்கள் காசு அந்தச் சந்தேகத்துக்கு அப்பால் நிற்கிறது. பொதியை உடைத்துக் காசை மட்டும் எடுத்தால் அந்த நிம்மதியையும் நீங்களே உடைக்கிறீர்கள்.

சரி, 1971க்கு வருவோம். எனக்கு இதில் கூடப் பற்று, அதனால் கொஞ்சம் நீளும். அந்தச் செற்றில் ஏழு காசு: 1, 2, 5, 10, 25, 50 சதமும் ஒரு ரூபாயும். முகப்பெறுமதியைக் கூட்டினால் ஒரு ரூபாய் 93 சதம். 20,000 செற்றுகள் அடித்தார்கள். 1972 மே 22இல் நாடு குடியரசாகி ஆங்கிலப் பெயர் ‘சிறீ லங்கா’ என்று மாறியது, காசும் மாறியது. ‘சிலோன்’ என்று பொறித்த காசுகளின் கடைசி ஆண்டு 1971. சேர்ப்பவர்களுக்கு முதல் ஆண்டும் கடைசி ஆண்டும் எப்போதும் பிடிக்கும். இவ்வளவும் எல்லா 1971 செற்றுக்கும் பொது. அப்படியானால் நாலு மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம் உலோகம், ஆனால் வெள்ளி தங்கம் என்ற கணக்கில் அல்ல. அந்தச் செற்றில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. 1 சதமும் 2 சதமும் அலுமினியம், 5ம் 10ம் நிக்கல் கலந்த பித்தளை, மேலே உள்ள மூன்றும் செம்பும் நிக்கலும். அலுமினியம் மென்மையானது, விரல் பட்டால் தடம் நிற்கும், உப்புக் காற்றிலும் ஈரத்திலும் புள்ளி விழும். பித்தளை கறுக்கும். ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்ட செற்றில் ஏழும் ஒரே மாதிரித் தெளிவாக இருப்பது அபூர்வம். ஆறு காசு மின்னி ஒன்று மட்டும் மங்கியிருந்தால், வாங்குபவர் அந்த மங்கிய ஒன்றைப் பார்த்துத்தான் விலை பேசுவார். கியூ காசு செற்றைத் தூக்கியது போல, கெட்ட ஒரு சதம் செற்றைக் கீழே இழுக்கும்.

இரண்டாவது, கலப்படம். கெட்டுப்போன காசை எடுத்துவிட்டு, புழக்கத்தில் இருந்த அதே ஆண்டுக் காசை மினுக்கி உள்ளே வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் கள்ளர் என்று சொல்லவில்லை. சிலர் குறையை நிரப்பினோம் என்றே நினைக்கிறார்கள். கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. புரூஃப் காசின் விளிம்பு கத்தி போலக் கூர்மையாக நிற்கும், வெற்றிடத்தில் உங்கள் முகம் தெரியும். மினுக்கிய காசை வெளிச்சத்தில் மெல்லச் சரித்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடும், எழுத்தின் முனைகள் மழுங்கியிருக்கும். இது சந்தேகமில்லாமல் தெரியக்கூடிய விசயம். ஆனால் காசைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தை வைத்து நான் தரம் சொல்ல மாட்டேன். போன் கமராவின் வெளிச்சம் கீறலை மறைக்கும், சில நேரம் இல்லாத கறையைக் காட்டும். படத்தைப் பார்த்துத் தரம் சொல்கிறவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

மூன்றாவது பெட்டி. இதைச் சொன்னால் புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள், காசுக்கு விலையா அட்டைக்கு விலையா என்று. அட்டைக்கும் சேர்த்துத்தான். செற் வெளியானபோது வந்த பெட்டியும் தாளும் கூட இருந்தால், உள்ளே உள்ள ஏழும் ஒன்றாகப் பிறந்தவை என்று நம்ப ஒரு ஆதாரம் கிடைக்கிறது. பெட்டி இல்லாத செற் உறுதிப்பத்திரம் இல்லாத காணி மாதிரி. மண் அதே மண்தான், ஆனால் வாங்குபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். வன்னியில் இது சும்மா பேச்சு அல்ல. இங்கே பழைய செற்றுகள் பெட்டியோடு கிடைப்பது மிக அரிது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடிய வீடுகளில் காசைத் துணியில் முடிந்து மடியில் கொண்டுபோனார்கள், பெட்டியை யார் தூக்கினார்கள்? 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்து மண்ணைக் கிண்டி எடுத்தவையும் உண்டு. அவை ஈரம் குடித்துப் பச்சை ஏறி இருக்கும். தப்பிய அட்டைப் பெட்டியைக் கறையான் விடாது. அதனால்தான் எங்கள் பகுதியிலிருந்து போகும் செற் வெளியே பாதி விலைக்குப் போகிறது. உங்கள் செற் லண்டனில் இருந்தது, அது உங்கள் அதிர்ஷ்டம். இப்போது கிளிநொச்சியில் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் அதை நிலத்தில் வைத்த அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மேலே தூக்குங்கள்.

தயவுசெய்து கழுவ வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளியும் சாம்பலும் நல்லது, பித்தளை மினுக்கும் பிராசோவும் நல்லது. காசுக்கு மூன்றும் நஞ்சு. வீட்டில் வயதானவர்கள் அன்பாக மினுக்கித் தந்த காசுகள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன, பளபளவென்று இருக்கும், சேர்ப்பவர் எவரும் வாங்க மாட்டார். மலிவான மென்பிளாஸ்ரிக் உறைக்குள் வைப்பதும் கூடாது. அதிலுள்ள பிவிசி பிளாஸ்ரிக் காலப்போக்கில் சிதைந்து காசில் பச்சையாக ஒட்டும். ஆரம்பத்திலேயே கண்டால் சுத்தமான அசற்றோனில் நனைத்து எடுக்கலாம், ஆனால் அது கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. நகப்பூச்சு அழிக்கும் திரவம் அதற்குப் பதில் ஆகாது, அதில் வேறு சாமான்களும் கலந்திருக்கும்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எத்தனை அடித்தார்கள் என்பது உறுதியாகத் தெரியும், எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. விலை இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் நடக்கும். 1957இல் புத்த ஜயந்திக்கு அடித்த 5 ரூபாய் வெள்ளிக் காசு நல்ல உதாரணம். 5 இலட்சம் அடித்தார்கள், பாதிக்கும் மேல் திரும்பிப் போய் உருக்கப்பட்டதாகப் பட்டியல்கள் சொல்கின்றன. 28 கிராமுக்குச் சற்றுக் கூடிய நிறை, 92.5 வீத வெள்ளி. அதாவது ஏறக்குறைய 26 கிராம் சுத்த வெள்ளி உள்ளே இருக்கிறது. எவ்வளவு தேய்ந்து வந்தாலும் அந்த வெள்ளியின் விலைக்குக் கீழே அது போகாது. நகைக்கடைக்காரரே வாங்குவார். உங்கள் 1971க்கும் சாதாரண 2008க்கும் அப்படி ஒரு தரை இல்லை. சேர்ப்பவர் எவரும் வேண்டாமென்றால் 1971இல் கையில் இருப்பது ஒரு ரூபாய் 93 சதம்தான்.

எங்கள் மத்திய வங்கி விட்ட மாவட்டக் காசுகளையும் இங்கேயே சொல்கிறேன், ஏனென்றால் இதுபற்றியும் பலர் கேட்கிறார்கள். 2013 ஆண்டு போட்ட 10 ரூபாய், 25 மாவட்டத்துக்கும் ஒவ்வொன்று. வன்னியில் எல்லாருக்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலின் மீதும் ஆசை, சில்லறையில் வந்தால் எடுத்து வைத்துவிடுவோம். மற்ற மாவட்டங்கள் கையை விட்டுப் போகும். முழு 25ஐயும் பஸ் மிச்சக் காசிலிருந்து பொறுக்கிச் சேர்த்தால் அது நல்ல பொழுதுபோக்கு, ஆனால் தேய்ந்த 25தான். புழங்காத 25 என்றால் விலை வேறு. இரண்டையும் ‘முழுச் செற்’ என்று ஒரே தலைப்பில் போடுகிறார்கள். முகப்பெறுமதி 250 ரூபாய் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

இப்போது அந்தக் கடைக்காரர். இணையத்தில் நீங்கள் பார்த்தது கேட்கும் விலை. கேட்கும் விலைக்கு எல்லையில்லை, யாரும் எதையும் எழுதலாம். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லித் தெரிவு செய்ய முடியும். அப்படிப் பார்த்தால் அந்த நாலு மடங்கு பெரும்பாலும் ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிடும். அதிலிருந்து ஈபே தரகு, தபால் செலவு, காசு கைக்கு வரும் வழியில் போகும் கழிவு எல்லாம் போக வேண்டும். வவுனியாவில் ஒரு பிரித்தானியச் செற்றை வாங்குகிற ஆள் இன்றைக்கு வருவாரா, அடுத்த வருடம் வருவாரா என்று தெரியாமல்தான் கடைக்காரர் தன் பணத்தை முடக்குகிறார். பாதி என்றால் அது பெரிய அநியாயம் இல்லை. மூன்றில் ஒன்று என்றால் எழும்பி வாருங்கள். இன்னொரு குழப்பம் ரூபாயில் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ப் பக்கம் நின்றது, மே மாதமளவில் 360ஐத் தொட்டது. அதற்கு முன் எழுதிய ரூபாய் விலைகள் இன்னும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. ரூபாயில் போட்ட விலையைக் கண்டால் முதலில் எந்தத் திகதியில் போட்டது என்று பாருங்கள்.

தரச்சான்று எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் பிசிஜிஎஸ், என்ஜிசி என்று காசுக்குத் தரம் சொல்லும் இரண்டு நிறுவனங்கள், முதலாவது 1986இலும் மற்றது 1987இலும் வேலை தொடங்கின. ஒன்றிலிருந்து எழுபது வரை புள்ளி போட்டு, காசைக் கடினமான உறைக்குள் மூடித் தருவார்கள். நவீன காசில் 69க்கும் 70க்கும் வெறுங்கண்ணால் வித்தியாசம் தெரியாது, ஆனால் விலையில் தெரியும். அது எனக்குக் கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத்தான் படுகிறது, சந்தை என் பேச்சைக் கேட்பதில்லை. உங்கள் விசயத்தில் வேண்டாம். அனுப்பும் செலவும் கட்டணமும் 2008 செற்றின் முழு விலையை விழுங்கும். தரச்சான்றுக்குக் காசைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியும் வரும். பிரித்தால் செற் போய்விட்டது.

இதோடு சம்பந்தமில்லாமல், ஆனால் வன்னியில் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. கிணறு வெட்டும்போது, குளக்கட்டுத் திருத்தும்போது, மாந்தைப் பக்கம் வயல் உழும்போது பழங்காசு வரும். நந்தி படுத்திருக்கும் யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேது காசு, ஒல்லாந்தர் கும்பனியின் முத்திரை போட்ட செப்புக் காசு என்று. இவற்றை ‘வரலாற்றுச் செற்’ என்று கட்டி விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்களைத் தொல்பொருளாகக் கருதுகிறது. கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும், அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே அனுப்பக்கூடாது. விலை பேசும் விசயமே அல்ல அது.

உங்கள் மூன்றையும் சேர்த்து ஒருவரிடம் கொடுக்க வேண்டாம். சேர்த்துக் கொடுத்தால் 2009இன் விலையை 2008 தின்றுவிடும். 2009ஐ விற்பதென்றால் அங்கேயே விற்பதுதான் லாபம், லண்டனுக்குப் போகிற சொந்தக்காரர் யாராவது கைப்பையில் கொண்டுபோகட்டும், பயணப் பெட்டியில் போட வேண்டாம். 1971ஐ கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் தேடுகிறார்கள், ஆனால் ஏழு காசையும் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்து, எது மங்கியிருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு விலை போடுங்கள். நாளைக்கு ஏறுமா என்று கேட்காதீர்கள், அதைச் சொல்கிறவரிடம் எதையும் வாங்கவும் வேண்டாம். 2008ஐ விற்று வரும் பணத்தில் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு வந்து போகும் செலவும் ஒரு நல்ல சாப்பாடும் போக மிச்சம் பெரிதாக இருக்காது, வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதற்குக் கொடுங்கள். கேடயத்தைப் பொருத்திப் பார்க்க அதற்குப் பிடிக்கும்.